ஓரியோவும் அதற்கு முன்பே வந்த ஹைட்ராக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரியோ என்று பேச்செடுத்தாலே வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: யார் முதலில் செய்தது, உள்ளே என்ன கொழுப்பு, மேலே இருக்கும் அந்தச் சின்னம் என்ன. நேரிலும் வாட்ஸப்பிலும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஓரியோ எப்போ, எங்கே முதல்ல செஞ்சாங்க?

1912-இல், நியூயார்க் நகரத்தில். செல்சி பகுதியில், 9-ஆவது அவென்யூவில் 15-ஆவது தெருவுக்கும் 16-ஆவது தெருவுக்கும் இடையில் நேஷனல் பிஸ்கட் கம்பெனியின் பெரிய ஆலை இருந்தது. பிற்பாடு நபிஸ்கோ என்று சுருங்கியது அந்தக் கம்பெனியின் பெயர்தான். ஆலை 1958-இல் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டது. பழைய கட்டடம் இன்று செல்சி மார்க்கெட் என்ற உணவுச் சந்தை. பக்கத்துத் தெருவுக்கு 'ஓரியோ வே' என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

முதல் விற்பனை 1912 மார்ச் 6 அன்று, நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் ஊரில் ஒரு மளிகைக் கடைக்கு. இப்போது பார்க்கும் நீல பாக்கெட்டெல்லாம் அப்போது கிடையாது. கண்ணாடி மூடி போட்ட தகர டப்பாவில் பிஸ்கட் வரும், கடைக்காரர் எடை போட்டுக் கொடுப்பார். அதே சமயத்தில் 'மதர் கூஸ்', 'வெரோனீஸ்' என்று இன்னும் இரண்டு பிஸ்கட்டுகளையும் கம்பெனி இறக்கியது. மூன்றில் நிலைத்தது ஓரியோ மட்டும்தான்.

ஓரியோன்னா என்ன அர்த்தம்?

இணையத்தில் கிரேக்க மலை, பிரெஞ்சுத் தங்கம் என்று நாலைந்து கதைகள் சுற்றுகின்றன. எதற்கும் கம்பெனியின் ஆவணத்தில் ஆதாரம் இல்லை. ஆரம்பத்தில் 'ஓரியோ பிஸ்கட்' என்று இருந்தது 1921-இல் 'ஓரியோ சாண்ட்விச்' ஆனது. அப்புறமும் பின்னொட்டு சில முறை மாறியது, ஓரியோ என்ற சொல் மட்டும் மாறவே இல்லை.

ஓரியோதான் உலகத்துலயே முதல் க்ரீம் பிஸ்கட்டா? நம்ம போர்பன் அதுக்கு அப்புறமா?

இல்லை, ஓரியோ முதலாவது இல்லை. நமக்குப் பழக்கமான போர்பனே அதைவிட இரண்டு வயது மூத்தது. 1910-இல் லண்டனின் பெர்மாண்ட்சியில் பீக் ஃப்ரீன் கம்பெனி அதைச் செய்தது. அப்போது அதன் பெயர் 'க்ரியோலா'. போர்பன் என்ற பெயர் பிறகு வந்தது.

சரி, 'வட்டமான சாக்லேட் பிஸ்கட் இரண்டு, நடுவில் வெள்ளை க்ரீம்' என்ற அதே உருவத்திலாவது ஓரியோ முதலா என்றால், அதுவும் இல்லை. அந்தப் பெருமை ஹைட்ராக்ஸ் என்ற அமெரிக்க பிஸ்கட்டுக்கு உரியது. ஆண்டு 1908. மேலே பூ வேலைப்பாடு, கறுத்த பிஸ்கட், வெள்ளை நடுப்பகுதி எல்லாம் அதிலேயே இருந்தன. இந்தத் தகவலை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரு பொருளை முதலில் செய்தவரின் பெயர் இவ்வளவு சுத்தமாக மறந்துபோவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படின்னா ஓரியோ காப்பி அடிச்சதுதானே? ஏன் யாரும் கேஸ் போடலை?

நாலு வருடம் கழித்து, அதே உருவத்தில், போட்டிக் கம்பெனி இறக்கியது. பார்த்துச் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதன் பின்னால் ஒரு குடும்பச் சண்டையும் இருக்கிறது. அது தெரிந்தால்தான் கதை புரியும்.

ஜேக்கப் லூஸ், ஜோசப் லூஸ் என்று இரண்டு சகோதரர்கள். கான்சாஸ் சிட்டியில் பிஸ்கட் தொழிலில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய அமெரிக்கன் பிஸ்கட் கம்பெனியையும் வேறு இரண்டு பெரிய கம்பெனிகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்று 1890-களின் கடைசியில் முயற்சி நடந்தது. சிகாகோ வழக்கறிஞர் அடால்ஃபஸ் கிரீன் அதை முன்னின்று நடத்தினார். ஜேக்கப்புக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் அவர் உடம்பு சரியில்லாமல் ஒதுங்கியிருந்த நேரம் அது. சகோதரர் ஜோசப் இணைப்பின் பக்கம் நின்றார். 1898-இல் நேஷனல் பிஸ்கட் கம்பெனி பிறந்தது. உடம்பு தேறி வந்த ஜேக்கப், 1902-இல் ஜான் வைல்ஸ் என்பவரோடு சேர்ந்து லூஸ்-வைல்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். ஜோசப்பும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஹைட்ராக்ஸ் இந்தக் கம்பெனியின் சரக்கு. ஆக, ஹைட்ராக்ஸுக்கு எதிராக ஓரியோவை இறக்கியது, ஜேக்கப் வேண்டாம் என்று சொன்ன அதே இணைப்பில் உருவான கம்பெனி.

கேஸ் விஷயம்: பிஸ்கட்டின் உருவத்தையோ பக்குவத்தையோ அப்படியே சொந்தம் கொண்டாட முடியாது. பெயரும் முத்திரையும்தான் சொத்து. அந்த இரண்டையும் ஓரியோ எடுக்கவில்லை.

முதல்ல வந்த ஹைட்ராக்ஸ் எப்படித் தோத்துச்சு? டேஸ்ட் நல்லா இல்லையா?

ருசிதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் சாப்பிட்டுப் பழகியவர்கள் பெரும்பாலும் சொல்வது: ஹைட்ராக்ஸில் இனிப்பு கொஞ்சம் குறைவு, மொறுமொறுப்பு அதிகம், பாலில் முக்கினால் சீக்கிரம் கரையாது. தோல்வி வேறு இடத்தில் நடந்தது.

முதலாவது, ஆள்பலம். நேஷனல் பிஸ்கட் கம்பெனி பிறக்கும்போதே நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட பேக்கரிகளோடு பிறந்தது. பீப்பாயில் கொட்டி வைத்து விற்ற க்ராக்கர் என்ற மொறுமொறு பிஸ்கட்டை மெழுகுத்தாள் உறையில் அடைத்து, ஈரம் படாமல் 'யுனீடா' என்ற பெயரில் விற்று, விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டிப் பழகிய கம்பெனி அது. ஓரியோவுக்கு அந்தப் பாதை தயாராக இருந்தது. லூஸ்-வைல்ஸும் சின்னக் கம்பெனி இல்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் 'ஆயிரம் ஜன்னல் பேக்கரி' என்று பேர் வாங்கிய பிரம்மாண்டமான ஆலையை 1912-இலேயே கட்டினார்கள். பிஸ்கட் வெயில் வெளிச்சத்தில், சுத்தமான இடத்தில் தயாராகிறது என்பதுதான் அவர்களுடைய பெரிய பிரச்சாரம். 'சன்ஷைன்' என்ற பிராண்டின் பின்னால் இருந்த எண்ணமும் அதுவே, பிறகு கம்பெனியின் பெயரே அதுவானது. இருந்தாலும் எதிரியின் விற்பனை வலை இன்னும் அகலமானது.

இரண்டாவது, பெயர். ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும் சேர்த்து 'ஹைட்ராக்ஸ்' என்று வைத்தார்கள். தண்ணீர் மாதிரித் தூய்மையானது என்ற எண்ணம். 1908-இல் அது நவீனமாகக் கேட்டிருக்கும். போகப்போக, பாத்ரூம் கழுவும் திரவத்தின் பெயர் போல ஒலித்தது. 1950-களில் நபிஸ்கோ ஓரியோவின் தோற்றத்தைப் புதுப்பித்துப் பெரிதாக விளம்பரம் செய்தபோது, ஹைட்ராக்ஸ்தான் அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கு என்று வாடிக்கையாளர்களே நம்ப ஆரம்பித்தார்கள். மூத்த பிஸ்கட்டுக்கு 'போலி' என்ற பட்டம் கிடைத்தது.

மூன்றாவது, கை மாறிக்கொண்டே இருந்தது. 1966-இல் சன்ஷைனை அமெரிக்கன் டொபாக்கோ வாங்கியது. 1996-இல் கீப்ளர் வாங்கியது. கீப்ளர் 1999-இல் செய்முறையை மாற்றி, பெயரையும் 'ட்ராக்சீஸ்' என்று மாற்றிவிட்டது. மிச்சமிருந்த விசுவாசிகளுக்கும் அது பழைய பிஸ்கட்டாக இல்லை. 2001-இல் கீப்ளரை கெல்லாக் வாங்கி, 2003-இல் தயாரிப்பையே நிறுத்தியது.

ஓரியோவுல பன்னிக் கொழுப்பு இருக்காமே? உண்மையா?

ஒரு காலத்தில், அமெரிக்காவில், உண்மை. க்ரீமில் பன்றிக் கொழுப்பு சேர்த்துத்தான் பல பத்தாண்டுகள் செய்தார்கள். 1990-களின் நடுவில் அதை எடுத்துவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். அந்த வேலையில் முக்கியமானவர் நபிஸ்கோவின் உணவு விஞ்ஞானி சாம் போர்செல்லோ. தொழிலில் அவரை 'மிஸ்டர் ஓரியோ' என்றே அழைத்தார்கள்.

இதில் யூதர்களின் கதை முக்கியம். பன்றிக் கொழுப்பு இருந்தவரை, உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பங்கள் ஓரியோவைத் தொட முடியாது. ஹைட்ராக்ஸில் அந்தப் பிரச்சினை இல்லை. அதனால் தலைமுறை தலைமுறையாக அது 'யூதர்களின் ஓரியோ'வாக இருந்தது. கொழுப்பை மாற்றியதோடு ஓரியோவின் வேலை முடியவில்லை. பழைய கொழுப்புப் பட்ட அடுப்புகள், பெல்ட்டுகள் எல்லாவற்றையும் மத விதிப்படி சுத்திகரிக்க வேண்டியிருந்தது. சில வருடங்கள் பிடித்த அந்த வேலை முடிந்து 1997-இல் கோஷர் சான்று, அதாவது யூத உணவு விதிப்படி செய்தது என்ற சான்று, கிடைத்தது. ஹைட்ராக்ஸிடம் இருந்த கடைசி உறுதியான வாடிக்கையாளர் வட்டமும் அன்றோடு கரைய ஆரம்பித்தது.

இந்தியாவுக்கு ஓரியோ வந்தது 2011-இல், இந்த மாற்றமெல்லாம் முடிந்த பிறகு. இங்கே விற்கும் பாக்கெட்டில் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். 'ஓரியோவில் பன்றி' என்று இன்றும் சுற்றும் ஃபார்வர்டுகள் பழைய அமெரிக்கச் செய்தியின் மிச்சம்.

அப்போ அந்த எண்ணெய் மட்டும் நல்லதா?

உடனே நல்லதாகிவிடவில்லை. கொழுப்புக்குப் பதிலாக வந்தது பாதி ஹைட்ரஜனேற்றம் செய்த தாவர எண்ணெய், நம் ஊர் வனஸ்பதி மாதிரி. அதில் ட்ரான்ஸ் ஃபேட் இருக்கிறது, இதயத்துக்குக் கெடுதி. 2003-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கறிஞர், குழந்தைகளுக்கு ஓரியோ விற்கக் கூடாது என்று வழக்கே போட்டார். விஷயம் ஊரெங்கும் பேச்சானதும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2006 வாக்கில் ஓரியோவிலிருந்து ட்ரான்ஸ் ஃபேட் எடுக்கப்பட்டது. சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, அளவோடு சாப்பிடுங்கள்.

உள்ளே இருக்கற க்ரீம்ல பால் இருக்கா? வீகன் சாப்பிடலாமா?

அடிப்படையில் அது சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துக் குழைத்தது, பாலேடு இல்லை. ஆனால் பால் கலந்த சரக்கு ஓடும் ஆலைகளில் செய்வதால் பாலின் தடயம் இருக்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. வீகன் என்று அவர்கள் உரிமை கொண்டாடுவதில்லை. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பாக்கெட்டைப் படிக்காமல் வாங்கவே கூடாது. நாட்டுக்கு நாடு, சுவைக்குச் சுவை சேர்மானம் மாறும்.

ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு? கலர் போடறாங்களா?

காரப்பொருள் (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோதான் காரணம். சாதாரணக் கோகோ லேசான பழுப்பு, கொஞ்சம் புளிப்பு. காரம் சேர்த்தால் புளிப்பு அடங்கி, நிறம் இறுகும். 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பம் கண்ட முறை இது. அதையே இன்னும் தூக்கலாகச் செய்தால் கிட்டத்தட்டக் கரி நிறம் வரும். வீட்டில் ஓரியோ மாதிரி செய்ய நினைப்பவர்கள் சாதாரணக் கோகோவைக் கூட்டிப் போடுவதில் பயனில்லை, கடையில் 'பிளாக் கோகோ' என்று கேட்டு வாங்குங்கள்.

மேல இருக்கற டிசைன் ஏதோ ரகசிய சங்கத்தோட சின்னம்னு யூடியூப்ல சொல்றாங்களே?

ஒரு பிஸ்கட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஓரியோ என்ற எழுத்து. அதைச் சுற்றி ஒரு சட்டம், அதன் உச்சியில் இரண்டு குறுக்குக் கோடு போட்ட சிலுவை. வெளியே நாலு இதழ் வைத்த சின்னப் பூக்கள், மொத்தம் 12. ஓரத்தில் நெருக்கமான வரிகள்.

அந்த இரட்டைக் குறுக்குச் சிலுவையைத்தான் ரகசிய வீரர் படையோடு முடிச்சுப் போடுகிறார்கள். அது நபிஸ்கோவின் பழைய வணிக முத்திரை. மேலே சொன்ன அடால்ஃபஸ் கிரீன், பழங்கால அச்சகங்களின் முத்திரைகள் அடங்கிய புத்தகத்தில் இதைப் பார்த்து எடுத்தார். 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் அச்சகத்தார் தங்கள் புத்தகங்களில் இட்ட குறி அது. ஓரியோவுக்கு முன்பிருந்தே கம்பெனியின் மற்றப் பொருட்களிலும் இருந்தது.

டிசைன் மூன்று கட்டமாக வளர்ந்தது. 1912-இல் ஓரத்தில் எளிமையான மலர் வளையம், 1924-இல் இரண்டு புறாக்கள் சேர்ந்தன, 1952-இல் இப்போதைய வடிவம். இந்தக் கடைசி வடிவத்தின் 1952 வரைபடம் வில்லியம் டர்னியர் என்ற நபிஸ்கோ ஊழியர் கையால் வரைந்தது. கடிதப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து வடிவமைப்புப் பொறியாளரானவர். கம்பெனி அவரை ஊழியர் என்று ஒப்புக்கொள்கிறது, டிசைனைச் செய்தவர் என்று சொல்ல மட்டும் தயங்குகிறது. வரைபடத்தைப் பார்த்தபின் எனக்குத் தயக்கமில்லை.

டபுள் ஸ்டஃப்ல உண்மையிலேயே ரெண்டு மடங்கு க்ரீம் இருக்கா?

டபுள் ஸ்டஃப் என்பது க்ரீம் கூடுதலாக வைத்த ஓரியோ வகை. இரண்டு மடங்கு என்பது கிட்டத்தட்டச் சரி. 2013-இல் நியூயார்க் மாநிலத்தின் குவீன்ஸ்பெரி பள்ளியில் ஒரு கணக்கு வகுப்பு பிஸ்கட்டுகளை எடை போட்டுப் பார்த்தது. 1.86 மடங்குதான் என்று வந்தது. செய்தி பரவியதும், எங்கள் செய்முறையில் இரண்டு மடங்குதான் என்று கம்பெனி மறுத்தது. பிள்ளைகளுக்குச் சராசரி சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

திருகிப் பிரிச்சா க்ரீம் ஏன் எப்பவும் ஒரே பக்கம் ஒட்டிக்குது?

இதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் முறையாகவே ஆராய்ந்தார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வில், பிசுபிசுப்பான பொருட்களின் ஓட்டத்தை அளக்கும் கருவியின் இரண்டு தட்டுகளில் பிஸ்கட்டின் இரண்டு பக்கங்களையும் ஒட்டி, ஒரே வேகத்தில் திருகினார்கள். க்ரீம் அதிகமோ குறைவோ, எந்தச் சுவையானாலும், அநேகமாக முழு க்ரீமும் ஒரு பக்கமே போனது. மெதுவாகத் திருகினாலும் சரிபாதி வரவில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பாலும் ஒரே திசைப் பக்கமே ஒட்டியது. ஆலையில் க்ரீமை முதலில் ஒரு பிஸ்கட்டின் மேல் இடுகிறார்கள், மற்றது பிறகு வந்து உட்காருகிறது. முதலில் பட்ட பக்கத்தின் பிடிப்பு கூடுதல் என்பது அவர்களுடைய அனுமானம்.

ஓரியோ கொக்கெய்ன் மாதிரி அடிமையாக்கும்னு ஆராய்ச்சி சொல்லுதாமே?

2013-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் கல்லூரியில் மாணவர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனை அது. ஒரு குழு எலிகளுக்கு ஓரியோவா அரிசி கேக்கா என்ற தேர்வு. இன்னொரு குழுவுக்குப் போதை ஊசியா உப்புநீர் ஊசியா என்ற தேர்வு. ஓரியோவையும் கொக்கெய்னையும் எதிரெதிரே வைத்து எலியிடம் கேட்கவே இல்லை. இனிப்பும் கொழுப்பும் மூளையின் மகிழ்ச்சிப் பகுதியைத் தூண்டும் என்பது சரி, எந்த நல்ல தின்பண்டமும் அதைச் செய்யும். ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது: சில எலிகள் பிஸ்கட்டைப் பிரித்து க்ரீமை முதலில் தின்றன.

இந்தியாவுல கேட்பரி பேர்ல ஏன் வந்துச்சு? இப்போ யாரோட கம்பெனி?

சொந்தக்காரர் பட்டியல் கொஞ்சம் நீளம். 1985-இல் நபிஸ்கோவை சிகரெட் கம்பெனி ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் வாங்கியது. 2000-இல் இன்னொரு சிகரெட் கம்பெனியான ஃபிலிப் மாரிஸ் வாங்கி, தன்னிடம் இருந்த க்ராஃப்ட் உணவுக் கம்பெனியோடு சேர்த்தது. க்ராஃப்ட் 2010-இல் கேட்பரியை வாங்கியது. 2012-இல் தின்பண்டப் பிரிவு தனியாகி மாண்டெலீஸ் ஆனது. இன்று ஓரியோ அவர்களுடையது.

கேட்பரி கைக்கு வந்ததுதான் இந்தியாவின் கதவு. நம் ஊரில் க்ராஃப்ட் என்றால் யாருக்கும் தெரியாது, கேட்பரி வீட்டுக்கு வீடு தெரியும், சின்னப் பெட்டிக்கடை வரைக்கும் அவர்கள் வண்டி போகும். அதனால் 2011-இல் கேட்பரி பெயரோடு, அஞ்சு ரூபாய் பாக்கெட்டும் சேர்த்து இறக்கினார்கள். எதிரே பிரிட்டானியா போர்பனும் மற்ற க்ரீம் பிஸ்கட்டுகளும் பலமாக இருந்தன. திருகு, நக்கு, பாலில் முக்கு என்ற விளம்பரம் குழந்தைகளிடம் நேராகப் போய்ச் சேர்ந்தது.

வெளிநாட்டு ஓரியோவுக்கும் இங்க உள்ளதுக்கும் டேஸ்ட் வேறயா இருக்கே?

வேறாகத்தான் செய்கிறார்கள். சீனாவில் பட்ட அடிதான் இதைக் கற்றுக்கொடுத்தது. 1996-இல் அமெரிக்க ஓரியோவை அப்படியே அங்கே கொண்டுபோனார்கள். வருடக்கணக்கில் சரியாக ஓடவில்லை. விசாரித்தால், மக்களுக்கு இனிப்பு திகட்டுகிறது, பாக்கெட்டின் விலையும் கட்டுப்படியாகவில்லை. இனிப்பைக் குறைத்தார்கள், சின்ன பாக்கெட் போட்டார்கள், 2006-இல் நீளமான வேஃபர் வடிவத்தில்கூடக் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம்தான் அங்கே பிடித்தது.

ஃபேபியோ பிஸ்கட் ஓரியோ மாதிரியே இருக்கே, அதுக்கு மட்டும் ஏன் கோர்ட் தடை?

காப்பி பற்றிய கேள்விக்கு மேலே சொன்ன பதிலை நினைவில் வையுங்கள்: உருவம் பொது, பெயரும் முத்திரையும் சொத்து. பார்லே 2020-இல் 'ஃபேபியோ' என்று ஒரு கறுப்பு வெள்ளை க்ரீம் பிஸ்கட் கொண்டுவந்தது. ஓரியோ தரப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 பிப்ரவரியில் அந்தப் பெயரைப் பயன்படுத்த இடைக்காலத் தடை வந்தது. பெயரின் ஓசை ஓரியோவை நினைவூட்டுகிறது, வாங்குபவர் குழம்பலாம் என்பது அடிப்படை. கறுப்பு பிஸ்கட்டில் வெள்ளை க்ரீம் வைத்து விற்பதை யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் 1912-இலேயே ஓரியோவைத்தான் முதலில் தடுத்திருக்க வேண்டும்.

ஹைட்ராக்ஸ் இப்போ எங்கயாவது கிடைக்குமா?

2003-இல் நின்றபோது ரசிகர்கள் மனு போட்டார்கள், கெல்லாக்குக்கு விடாமல் போன் செய்தார்கள். நூற்றாண்டையொட்டி 2008-இல் கொஞ்ச காலம் திரும்பி வந்து மறைந்தது. கைவிடப்பட்ட அந்தப் பெயரின் உரிமையை லீஃப் பிராண்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி எடுத்து, 2015-இல் கலிஃபோர்னியாவில் மறுபடி சுட ஆரம்பித்தது. பழைய ருசியைக் கொண்டுவர ரசிகர்களையே சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

சண்டை ஓயவில்லை. அமெரிக்கக் கடைகளில் மாண்டெலீஸின் ஆட்களே வந்து தங்கள் பிஸ்கட்டை அலமாரியில் அடுக்குவது வழக்கம். அப்படி அடுக்கும்போது ஹைட்ராக்ஸை வேண்டுமென்றே பின்னால் தள்ளி மறைக்கிறார்கள் என்று லீஃப் பிராண்ட்ஸ் 2018-இல் மத்திய வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. மாண்டெலீஸ் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருந்தால், வரும்போது ஓரியோவுக்குப் பதிலாக ஹைட்ராக்ஸ் ஒரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லுங்கள். கண்ணில் படாவிட்டால் அலமாரியின் பின்வரிசையிலும் பார்க்கச் சொல்லுங்கள்.